பூச்சியின் உடம்பே காட்டும் வழி



இன்றைய பேச்சு கொசுவைப் பற்றியது. பயிரைத் தின்னும் புழுவைப் பற்றியதும்கூட.

கொசு கடித்தால் என்ன ஆகும்? அரிக்கும். அதோடு போனால் பரவாயில்லை. மலேரியா வருகிறது. டெங்கு வருகிறது. யானைக்கால் நோய் வருகிறது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பத்து நாள் கூலி போகிறது. சில வீடுகளில் உயிரே போகிறது.

பயிரில் புழு விழுந்தால் என்ன ஆகும்? பாடுபட்டது எல்லாம் வீணாகிறது. கடன் மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு எல்லோரும் செய்வது என்ன? மருந்து அடிப்பது. மருந்து என்று வாய் சொன்னாலும் அது விஷம்தான். பூச்சியையும் கொல்லும். கவனக்குறைவாக இருந்தால் அடிப்பவரையும் கொல்லும்.

விஷத்தை மட்டும் நம்பாமல் வேறு வழி உண்டா? உண்டு. அந்த வழியைப் பூச்சியின் உடம்பே காட்டிக் கொடுத்திருக்கிறது.

மருந்துக்கு அடங்காத பூச்சி

நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. ஏறக்குறைய 8 லட்சம் பேர் இறந்தார்கள். இது அரசு போட்ட கணக்கு. 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாகச் சென்று சுவரில் டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. 1965-இல் மலேரியா கண்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர்தான்.

மலேரியா ஒழிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அது திரும்பி வந்தது. 1976-இல் 64 லட்சம் பேருக்கு மேல் மலேரியா கண்டது.

ஏன் இப்படி ஆனது? பல காரணங்கள் உண்டு. கண்காணிப்பு தளர்ந்தது. மருந்து தெளிப்பதும் குறைந்தது. இன்னொரு காரணம், கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது.

அது எப்படிப் பழகும்? நூறு கொசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அடித்தால் 98 சாகும். இரண்டு மட்டும் பிழைக்கும். அந்த இரண்டின் உடம்புக்கு விஷத்தைத் தாங்கும் சக்தி இருக்கிறது. அவை முட்டை இடும். வரும் குஞ்சுகளுக்கும் அந்தச் சக்தி இருக்கும். மறுபடி அதே மருந்தை அடித்தால் நாலு பிழைக்கும். பிறகு நாற்பது பிழைக்கும். கடைசியில் அடித்தும் பயன் இல்லை.

வயலிலும் இதே கதைதான். 1987-ஆம் ஆண்டு ஆந்திராவின் பருத்திக் காடுகளில் காய்ப்புழு பெருகியது. விவசாயிகள் மருந்து அடித்தார்கள். புழு சாகவில்லை. மறுபடி அடித்தார்கள். அப்போதும் சாகவில்லை. மருந்துக் கடையில் கடன் ஏறியது. பருத்தியோ வீடு வந்து சேரவில்லை.

அதனால்தான் விஞ்ஞானிகள் வேறு பக்கம் பார்த்தார்கள். பூச்சி எப்படி வளர்கிறது? எப்படிச் செரிக்கிறது? இந்த இரண்டையும் ஆராய்ந்தார்கள்.

பூச்சி வளரும் விதம்

பாம்பு சட்டை உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சியும் அப்படித்தான். அதன் தோல் கெட்டியானது. உடம்பு பெருக்கும்போது தோல் அதிகம் விரியாது. அதனால் பழைய தோலை உரித்துவிட்டுப் புதுத் தோலுடன் வெளியே வருகிறது.

கொசுவின் கதையைப் பாருங்கள். கொசு தண்ணீரில் முட்டை இடுகிறது. முட்டையிலிருந்து புழு வருகிறது. தொட்டியில் நெளியுமே, அதுதான் கொசுப்புழு. அது நான்கு முறை தோல் உரிக்கிறது. நான்காவது முறை கூட்டுப்புழு ஆகிறது. கூட்டுப்புழு எதையும் தின்னாது. இரண்டு நாளில் அது வெடித்து, கொசு பறந்து போகிறது. வெயில் காலத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும்.

எப்போது தோல் உரிக்க வேண்டும், எப்போது கொசுவாக வேண்டும் என்று அந்தப் புழுவுக்கு யார் சொல்வது? அதன் உடம்பில் ஊறும் நீர்கள் சொல்கின்றன. அவற்றுக்கு ஹார்மோன் என்று பெயர். மனிதருக்கும் ஹார்மோன் உண்டு. பையனுக்குக் குரல் உடைவதும் மீசை முளைப்பதும் ஹார்மோனால்தான். மிகச் சிறிய அளவு போதும், பெரிய மாற்றம் நடக்கும்.

பூச்சியின் வளர்ச்சிக்கு இரண்டு ஹார்மோன்கள் முக்கியம். ஒன்று, தோல் உரிக்கும் ஹார்மோன். இது, ‘தோலை உரி’ என்று சொல்லும். மற்றொன்று, இளமை ஹார்மோன். இது, ‘நீ இன்னும் சிறு பிள்ளை, புழுவாகவே இரு’ என்று சொல்லும். வயது வந்ததும் இளமை ஹார்மோன் ஊறுவது நிற்கும். அப்போதுதான் புழு உருமாறிப் பூச்சியாகும்.

1954-இல் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் பூட்டெனான்ட், கார்ல்சன் இருவரும் தோல் உரிக்கும் ஹார்மோனைப் பிரித்து எடுத்தார்கள். அதற்காக 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்தார்கள். கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 25 மில்லிகிராம். ஏறக்குறைய ஓர் அரிசி மணியின் எடை.

காகிதத்தால் வந்த கண்டுபிடிப்பு

இளமை ஹார்மோனின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கரோல் வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானி இருந்தார். 1964-இல் அவரிடம் வேலை செய்ய ஐரோப்பாவின் பிராக் நகரிலிருந்து காரெல் ஸ்லாமா வந்தார். தாம் வளர்த்துவந்த சிவப்பு நாவாய்ப்பூச்சிகளையும் கொண்டு வந்தார்.

பிராக் நகரில் இந்தப் பூச்சிகள் ஒழுங்காக வளர்ந்தவை. ஐந்தாவது பருவம் முடிந்ததும் சிறகு முளைத்துப் பெரிய பூச்சியாகும். ஹார்வர்டில் அப்படி ஆகவில்லை. உடம்பு மட்டும் பெருத்தது. பருவம் வரவில்லை. பிள்ளையாகவே இருந்து செத்தன.

என்ன காரணம்? தீனியைச் சோதித்தார்கள். தண்ணீரைச் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் பார்த்தால், பூச்சி வளர்த்த கிண்ணத்தில் துடைக்கும் காகிதம் போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டதும் பூச்சிகள் ஒழுங்காக வளர்ந்தன!

அமெரிக்கச் செய்தித்தாள்களைக் கிழித்துப் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் பூச்சி வளரவில்லை. லண்டன் செய்தித்தாளைப் போட்டால் ஒழுங்காக வளர்ந்தது. அமெரிக்கக் காகிதம் பால்சம் ஃபிர் என்ற மரத்தின் கூழில் செய்தது. அந்த மரத்தில், இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருள் இருந்தது.

நம் நாட்டுப் பருத்தியைக் கெடுக்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சியும் அதே குடும்பம்தான். இந்திய விஞ்ஞானி கே. என். சக்சேனா, வில்லியம்ஸுடன் சேர்ந்து அதைச் சோதித்தார். அந்தப் பொருள் நம் நாட்டுப் பூச்சியையும் வளரவிடாமல் தடுத்தது. இதை 1966-இல் வெளியிட்டார்கள்.

ஒன்று தெளிவானது. பூச்சி வளரக் கூடாத நேரத்தில் ‘வளர்’ என்றாலும் கெடும். வளர வேண்டிய நேரத்தில் ‘வளராதே’ என்றாலும் கெடும்.

தொட்டியில் போடும் குறுணை

இளமை ஹார்மோனைப் போன்ற பொருள்களைப் பிறகு தொழிற்சாலையிலேயே செய்தார்கள். மெத்தோபிரின் என்பது ஒன்று. 1975-இல் அமெரிக்காவில் இதை விற்க அனுமதி கிடைத்தது. பைரிப்ராக்சிஃபென் என்பது இன்னொன்று. இவற்றைத் தேங்கிய நீரில் போட்டால் கொசுப்புழு உடனே சாகாது. கூட்டுப்புழு வரை வரும். அதன் பிறகு கொசுவாக முடியாமல் அதற்குள்ளேயே செத்துவிடும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். மறுநாள் தொட்டியை எட்டிப் பார்க்கிறார்கள். புழு நெளிகிறது. ‘இது போலி மருந்து’ என்கிறார்கள். இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போடுகிறார்கள். அது தவறு. இந்த மருந்தின் பலனைப் புழுவை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு வாரம் கழித்துக் கொசு வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேவைப்படும் அளவும் மிகக் குறைவு. குடிநீர்த் தொட்டியில் கொசுப்புழுவைத் தடுக்கப் பைரிப்ராக்சிஃபென் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு அந்தப் பொருள் 10 மில்லிகிராம். அரை அரிசி மணி எடைகூட இல்லை. ஆனால் கடையில் வாங்கிய எதையும் குடிநீரில் நீங்களாகப் போடக் கூடாது. சுகாதார ஊழியர்தான் அளந்து போட வேண்டும்.

வயலுக்குப் போனால் கணக்கு மாறும். இலை தின்னும் புழுவுக்கு இளமை ஹார்மோன் கொடுத்தால் என்ன ஆகும்? புழு புழுவாகவே இருக்கும். இன்னும் நாலு நாள் சேர்த்துத் தின்னும்! கெடுதல் கூடும். கொசுவுக்கு அப்படி இல்லை. கொசுப்புழு மனிதரைக் கடிப்பதில்லை. சிறகு முளைத்த பிறகுதான் தொல்லை.

அதனால் பயிர்ப் புழுவுக்கு வேறு வழி கண்டார்கள். தோல் உரிக்கும் ஹார்மோனைப் போன்ற பொருளைக் கொடுத்தார்கள். புழு நேரம் வருமுன்பே தோல் உரிக்கத் தொடங்கும். தின்பதை நிறுத்தும். உரித்து முடிக்க முடியாமல் சாகும். புதுத் தோல் உருவாகாமல் தடுக்கும் மருந்துகளும் வந்தன. நெல்லில் வரும் புகையானுக்குத் தெளிக்கும் புப்ரோஃபெசின் அந்த வகை. அது இளம் பூச்சியைத்தான் பிடிக்கும். சிறகு முளைத்ததை உடனே கொல்லாது. ஆகவே இளம் பருவத்திலேயே தெளிக்க வேண்டும்.

வயிற்றின் வழி

இனி, செரிமானத்துக்கு வருவோம். வெறும் சோற்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்று பாருங்கள். இனிக்கும். எச்சிலில் உள்ள ஒரு பொருள் சோற்றின் மாவைச் சர்க்கரையாக்குகிறது. இப்படி உணவைச் செரிக்கவைக்கும் பொருளுக்கு நொதி என்று பெயர். நொதி இல்லாவிட்டால் வயிறு நிறையத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது.

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர்க்க அதற்கு ரத்தம் தேவை. ரத்தம் வயிற்றுக்குப் போனதும் ட்ரிப்சின் என்ற நொதி ஊறுகிறது. ரத்தம் செரிக்கிறது. அந்தச் சத்தில் நூறு முட்டை வரை வளர்கிறது. வேலை முடிந்ததும் கொசுவின் சினைப்பையிலிருந்து ஒரு ஹார்மோன் வருகிறது. ‘போதும், நிறுத்து’ என்று வயிற்றுக்குச் சொல்கிறது. நொதி நிற்கிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டோவ் பொரோவ்ஸ்கி என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் இந்த ஹார்மோனைக் கண்டார்கள். 1990-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். இந்த ஹார்மோனை முன்கூட்டியே கொடுத்தால் என்ன ஆகும்? ரத்தம் குடித்த கொசுவுக்குச் செரிக்காது. முட்டை வளராது. தீனியோடு சேர்த்துக் கொசுப்புழுவுக்குக் கொடுத்தால், அது தின்றும் பட்டினி கிடந்து சாகும். இது சோதனைச் சாலையில் உறுதியான உண்மை.

வயிற்றின் வழியாக வேலை செய்யும் இன்னொன்று ஏற்கெனவே ஊர்களில் பயன்படுகிறது. 1976-இல் இஸ்ரேல் நாட்டின் நெகேவ் பாலைவனத்தில், ஒரு குட்டையில் கிடைத்த நுண்ணுயிர் அது. சுருக்கமாக பி.டி.ஐ. என்று சொல்வார்கள். கொசுப்புழு அதைத் தின்றதும், புழுவின் வயிற்று நொதியே அதிலுள்ள விஷத்தை எழுப்பிவிடுகிறது. குடல் கிழிந்து புழு சாகிறது. மனிதர் வயிற்றில் புளிப்பு நீர் உள்ளது. அங்கே அந்த விஷம் எழுவதில்லை. புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய நோய்க் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் இந்த நுண்ணுயிரிலிருந்து கொசுப்புழு மருந்து செய்யும் முறையை உருவாக்கியது.

செடிகளும் இந்த வித்தையை அறியும். 1972-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கிரீன், ரயன் இருவரும் ஒன்றைக் கண்டார்கள். தக்காளி இலையைப் பூச்சி கடித்தால், செரிமானத்தைத் தடுக்கும் பொருளைச் செடி தானே சுரக்கிறது. பூச்சிக்கு அஜீரணம்! பச்சைப் பயறு வகைகளிலும் இப்படிப்பட்ட பொருள் உண்டு. பயற்றை வேகவைத்துச் சாப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வேகும்போது அந்தப் பொருள் கெட்டுப்போகிறது.

ஆனால் பூச்சியும் லேசுப்பட்டது அல்ல. பூனாவில் உள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தில் காய்ப்புழுவை ஆராய்ந்தார்கள். ஒரு நொதியைத் தடுத்தால் அந்தப் புழு வேறு நொதியைச் சுரந்து சமாளிக்கிறது. ஹார்மோன் மருந்திலும் இப்படித்தான். ‘தன் சொந்த ஹார்மோனுக்குப் பூச்சி பழகாது’ என்று 1967-இல் வில்லியம்ஸ் நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்ட இடங்களில் பூச்சி அதற்கும் பழகியது.

வீட்டு வாசலில் உள்ள மருந்து

வேம்பு எல்லோருக்கும் தெரியும். 1959-இல் ஆப்பிரிக்காவின் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியது. பச்சை எல்லாம் போயிற்று. வேப்பமரம் மட்டும் தப்பியது. ஜெர்மன் விஞ்ஞானி ஷ்முட்டரர் அதைக் கவனித்தார். வேப்பங்கொட்டையில் அசாடிராக்டின் என்ற பொருள் இருக்கிறது. அதைத் தின்ற புழு தீனியை வெறுக்கும். அதன் தோல் உரிக்கும் ஹார்மோனும் குழம்பும்.

செய்முறை எளிது. காய்ந்த வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ எடுங்கள். இடித்துத் தூளாக்கித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் துணியில் வடிகட்டுங்கள். 100 லிட்டர் ஆகும்படி தண்ணீர் சேருங்கள். கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்தால் இலையில் ஒட்டும். அன்றைக்கே மாலையில் தெளியுங்கள். வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் கெடும். புழு சிறிதாக இருக்கும்போதே தெளியுங்கள். பெருத்த புழுவிடம் பலன் குறைவு.

சில எச்சரிக்கைகள்

பட்டுப்புழுவும் பூச்சி இனம்தான். கர்நாடகத்தில் பட்டு வளர்ப்பவர்கள் தோல் உரிக்கும் ஹார்மோனை நல்லதற்குப் பயன்படுத்துகிறார்கள். புழு முற்றியதும் அதை முசுக்கொட்டை இலையில் தெளித்துக் கொடுப்பார்கள். எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் கூடு கட்டும். வேலை மிச்சமாகும். ஆனால் பக்கத்து வயலில் தெளித்த இளமை ஹார்மோன் மருந்து காற்றில் வந்து அந்த இலையில் பட்டால், புழு கூடு கட்டாமல் கெடும். இறால், நண்டு ஆகியவையும் தோல் உரிப்பவைதான். அதனால் குளத்திலும் ஓடையிலும் இந்த மருந்துகளைக் கழுவக் கூடாது.

மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப் பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கு அடுத்தது நீலம். பச்சை என்றால் விஷம் குறைவு. எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு அளவு என்றும் எழுதியிருக்கும். கடைக்காரர் சொல்வதோடு நிற்காமல் நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். படிக்கக் கற்றதன் பயன் இங்கே உடனே தெரியும்.

வாரம் ஒரு நாள்

முட்டை கொசுவாக ஏழு நாளாவது வேண்டும் என்று பார்த்தோம். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தொட்டி, குடம், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். உள்பக்கத்தை நன்றாகத் தேயுங்கள். டெங்கு கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே பல மாதம் இருக்கும். தேய்த்தால்தான் போகும். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த சட்டி இவற்றை அப்புறப்படுத்துங்கள். காலி செய்ய முடியாத பெரிய தொட்டியை மூடி வையுங்கள். மூடவும் முடியாத இடத்துக்குத்தான் குறுணை மருந்து.

ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது. பக்கத்து வீட்டுக் கொசு இங்கே வரும். தெருவே சேர்ந்து ஒரே நாளில் செய்ய வேண்டும். வயலிலும் அப்படித்தான். வாரம் ஒரு முறை செடியைப் புரட்டிப் பாருங்கள். முட்டை இருக்கிறதா, சிறு புழு இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த பிறகு மருந்தைப் பற்றி யோசியுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பாருங்கள். புழு நெளிந்தால், அது கொசுவாக இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் உங்கள் வீட்டுக்கு ஒரு காய்ச்சல் மிச்சம்.